ரயில் ஏறின அஞ்சு ரூபாய்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம் மக்களே. இன்னிக்கு எழுதியே ஆகணும்னு உக்காந்ததுக்குக் காரணம் ஒரு அஞ்சு ரூபாய்.

எனக்கு நாணயம் சேர்க்கிற கிறுக்கு உண்டு. அதிலயும் அச்சடிக்கும்போது பிழையான நாணயங்கள்னா உயிர். கொடுங்கையூர்க்காரனுக்கு இது வராம இருந்தாத்தான் அதிசயம். எங்க ஏரியா பஸ் போற 'மின்ட்' ஸ்டாப்புக்கு அந்தப் பேர் வந்ததே அங்க இருந்த தங்கசாலையாலதான். 1869ல மூடுற வரைக்கும் அங்க நிஜமாவே காசு அடிச்சாங்க.

போன பொங்கலுக்கு, தெருமுனையில இட்லிக்கடை வச்சிருக்கிற அக்காகிட்ட என் ஆல்பத்தைக் காட்டி சீன் போட்டேன். "இதெல்லாம் எரர் காயின்க்கா, நல்ல ரேட்டு போகும்." அவ்வளவுதான் சொன்னேன்.

போன ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்கே வந்துட்டாங்க. முந்தானை முடிச்சை அவுத்து ஒரு காசை எடுத்து வச்சாங்க.

"தம்பி, இத்தப் பாரேன். ரெண்டு லட்சம் போவும்னு சொல்றாங்கப்பா."

யாரு சொல்றாங்கன்னு கேட்டா, போனை நீட்டினாங்க. வாட்ஸப்ல ரிசர்வ் வங்கி முத்திரையோட ஒரு கடுதாசி. பதிவுக் கட்டணம்னு 1,500 ரூபாய் ஏற்கனவே கட்டியாச்சு. இப்ப வரி 8,000 கட்டினா மறுநாளே பணம் வருமாம். அக்கா கம்மலை அடகு வைக்கக் கிளம்பிட்டாங்க. பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும்.

காசைக் கையில வாங்கினேன். பழைய தடி அஞ்சு ரூபாய். ஆனா தட்டையா, அகலமா இருந்துச்சு. 'காலர் இல்லாம அடிச்சது'ன்னு அந்த ஆள் சொன்னானாம். விஷயம் தெரிஞ்ச திருடன்!

அப்படி ஒரு பிழை உண்டுதான். உலோகத் தகட்டுல இருந்து வில்லை வெட்டுவாங்க. அதை மேல ஒரு அச்சு, கீழ ஒரு அச்சு வச்சு நசுக்குவாங்க. வில்லை பக்கவாட்டுல பிதுங்காம இருக்கச் சுத்தி ஒரு வளையம். அதுதான் காலர். வளையம் சரியா உக்காரலன்னா காசு அகலமாயிடும். வில்லை நகந்து நின்னா படம் ஓரத்துக்குப் போயிடும். வில்லையே பிறை மாதிரி கடிபட்டு வந்தா, கடிபட்ட இடத்துக்கு நேர் எதிர்ல விளிம்பு மழுங்கியிருக்கும். அச்சு திரும்பிக்கிட்டா, புத்தகப் பக்கம் மாதிரி காசைத் திருப்பும்போது சிங்கம் தலைகீழா நிக்கும்.

நம்ம பாஷையில சொன்னா, கோடுல இருக்கிறது பக். யூசர் லேப்டாப் மேல காபி ஊத்தினா அது பக் இல்ல. எந்தக் காசைப் பாத்தாலும் முதல் கேள்வி, இதை மெஷின் செஞ்சிருக்க முடியுமாங்கறதுதான்.

தராசுல வச்சேன். 9 கிராம், சரியான எடை. ஸ்கேல் வச்சு அளந்தா 27 மி.மீ. இருக்க வேண்டியது 23. காலர் இல்லாம அடிச்சிருந்தா எழுத்தெல்லாம் பளிச்சுன்னு இருக்கணும். இதுல எழுத்து ஒரே பக்கமா இழுபட்டு, மங்கிப் போயிருந்துச்சு. எனக்கு உடனே புரிஞ்சிடுச்சு. சின்ன வயசுல வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் பக்கம் தண்டவாளத்துல காசு வச்சு, ரயில் ஏறினதும் ஓடிப்போய்ப் பொறுக்கின கூட்டத்துல நானும் ஒருத்தன். (நல்ல பழக்கம் இல்ல, யாரும் செஞ்சிடாதீங்க.)

சொல்லிட்டேன். "அக்கா, இது ரயில் ஏறின காசு. அஞ்சு ரூபாய்க்கும் கடையில வாங்க மாட்டாங்க."

அக்கா ஒண்ணும் பேசல. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டுலயே இதைப் பத்தி எச்சரிச்சிருக்கு. பழைய காசு, நோட்டு வாங்கி விக்கிற வேலையில நாங்க இல்ல, அதுக்குக் கமிஷனோ கட்டணமோ கேக்கிறதில்லன்னு. அதைப் படிச்சுக் காட்டினேன். 1930க்கு போன் போட்டுப் புகார் கொடுத்தோம். 1,500 திரும்பி வந்தா சந்தோஷம்.

அப்புறம் அக்கா கேட்டாங்க. "அப்ப உன் ஆல்பத்துல கீறதெல்லாம் நல்ல காசா?"

"ஆமாங்க்கா. எல்லாம் நிஜமான எரர்."

"எவ்ளோக்கு வித்த?"

"ஒண்ணும் விக்கல."

"பின்ன ரேட்டு போவும்னு எத்த வச்சு சொன்ன?"

பதில் இல்ல என்கிட்ட. இணையத்துல விக்கிறவன் போட்டிருந்த விலையைத்தான் நான் பாத்திருந்தேன். அது அவன் ஆசை. வாங்கினவன் கொடுத்தது எவ்வளவுன்னு பாக்கணும், அதுதான் விலை. பிழை எவ்வளவு பெருசு, வருஷமும் சாலைக் குறியும் தெரியுதா, தேய்மானம் எவ்வளவு, இதையெல்லாம் தாண்டி, வேணும்னு ஒருத்தன் வரணும். 2012ல வந்த வைஷ்ணவி தேவி காசு லட்சக்கணக்குல போகும்னு வதந்தி வந்தப்ப நக்கலடிச்சவன் நான். அதே வேலையை நானும் பாத்திருக்கேன், ஆல்பத்தோட.

அக்கா அந்தக் காசைத் திருப்பி எடுத்துக்கல. என் மேஜையிலயே கிடக்கு. ஆல்பத்துல வைக்கிற காசு இல்ல அது. ஆனா முதல் பக்கத்துல வச்சிருக்கேன். இனிமே யாருக்காவது ஆல்பத்தைக் காட்டினா, மொதல்ல அதைப் பத்தித்தான் பேச்சு.

பி.கு: உங்க வீட்டு உண்டியல்ல சந்தேகமா ஏதாவது கிடைச்சா, புளி போட்டு விளக்கிடாதீங்க. அப்படியே வைங்க. பாத்துச் சொல்றேன். விலை மட்டும் கேக்காதீங்க :-)