பேட்டரி தீர்ந்த பிறகு எவ்வளவு?

ஜனவரி 10, 2025, வெள்ளி. பெங்களூரு

பொங்கலுக்கு ஊருக்குப் போக மச்சான் தன் வண்டியைக் கொடுத்திருக்கிறார். பிளக்-இன் ஹைப்ரிட் எஸ்யுவி. பெட்ரோல் இன்ஜின் ஒன்று, பின்சக்கரங்களுக்கு மின்மோட்டார் ஒன்று, வீட்டு பிளக்கில் மாட்டிச் சார்ஜ் ஏற்றும் பேட்டரி. "மாப்பிள்ளை, நான் பங்க் பக்கம் போயே மாசக்கணக்காச்சு. நீங்க ஊர் வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு, லிட்டருக்கு என்ன தருதுன்னு சொல்லுங்க" என்றார்.

அவர் சொல்வது அப்பட்டமான உண்மை. ஒயிட்ஃபீல்டில் வீடு, மாரத்தஹள்ளியில் வேலை. இரவு அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் 15 ஆம்ப் பிளக்கில் மாட்டிவிட்டால் காலையில் ஏறத்தாழ 38 கிலோமீட்டருக்குப் பெட்ரோலே வேண்டாம். அதற்கு 11 யூனிட் மின்சாரம் போகிறது. யூனிட் ஏறத்தாழ 6 ரூபாய் என்று வைத்தால் 70 ரூபாய்க்குள் முடிந்துவிடும். இதே எடையுள்ள பெட்ரோல் வண்டி பெங்களூரு நெரிசலில் லிட்டருக்கு 8 தந்தால் பெரிய விஷயம். இங்கே பெட்ரோல் 102 ரூபாயைத் தாண்டிவிட்டது. 480 ரூபாய்க்கும் 70 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஊர் 38 கிலோமீட்டரில் இல்லை. வத்தலக்குண்டு 400 கிலோமீட்டருக்கு மேல். இந்தப் பயணத்தில் நான் பார்க்க விரும்புவது அந்த மீதி தூரத்தைத்தான்.

ஜனவரி 11, சனி. வத்தலக்குண்டு

நேற்றிரவே டேங்கை நிரப்பி, தானாக கட் ஆகும் இடத்தோடு நிறுத்திக்கொண்டேன். பேட்டரியும் முழு சார்ஜ். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். ஆளும் மூட்டையுமாக வண்டி இரண்டரை டன்.

சில்க் போர்டு, எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம், அத்திப்பள்ளி டோல்கேட், எல்லாவற்றையும் சத்தமில்லாமல் மின்சாரத்திலேயே கடந்தது. ஓசூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பேட்டரி தீர்ந்து இன்ஜின் எழுந்தது. அதற்குப் பிறகு திரையில் சராசரி மைலேஜ் இறங்கிய விதத்தைப் பக்கத்து இருக்கையிலிருந்து மகள் குறித்துக்கொண்டே வந்தாள். கிருஷ்ணகிரியில் லிட்டருக்கு 28. சேலத்தில் 17.7. திண்டுக்கல்லில் 14.9. வத்தலக்குண்டு வந்து பங்கில் மறுபடி கட்-ஆஃப் வரை நிரப்பியபோது 27.6 லிட்டர் பிடித்தது. 404 கிலோமீட்டருக்கு அது. ஆக, லிட்டருக்கு 14.6.

முதல் 38 கிலோமீட்டர் பெட்ரோலே செலவாகாத தூரம். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 13.3தான். கிருஷ்ணகிரியில் பார்த்த 28 பொய்யில்லை. வெறும் 90 கிலோமீட்டரின் கணக்கு அது, அவ்வளவுதான். பயணம் நீள நீள, இலவசமாகக் கிடைத்த அந்த முதல் தூரம் பாயசத்தில் போட்ட ஒரே முந்திரி மாதிரி காணாமல் போகிறது.

என்னுடைய வண்டி ஸ்ட்ராங் ஹைப்ரிட். பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் டொயோட்டா கிர்லோஸ்கர் ஆலையில் தயாரான ஹைரைடர். பிளக் கிடையாது. ஒரு யூனிட்டுக்கும் குறைவான சின்ன பேட்டரி. பிரேக் பிடிக்கும்போதும் இறக்கத்திலும் தானே சார்ஜ் ஏற்றிக்கொண்டு, உடனே அதைச் செலவழித்துவிடும். இதே சாலையில், இதே வேகத்தில் அது எனக்கு 21 தருகிறது. பெரிய பேட்டரியும் பெரிய மோட்டாரும் சுமக்காத வண்டி அது. எடையும் பெரிதும் குறைவு. இரண்டையும் தட்டில் வைத்து எடைபோடுவது நியாயமில்லை. ஆனாலும் நெடுஞ்சாலையில் எது பெட்ரோலைச் சேமிக்கிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குக் கிடைத்ததில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

காலையில் திண்ணையில் உட்கார்ந்து கம்பெனிக்காரர்கள் தரும் எண்களைப் பற்றி எழுதிவைத்தேன்.

ஹைரைடர் ஹைப்ரிட்டுக்கு அறிவித்த மைலேஜ் லிட்டருக்கு 27.97. இந்தியச் சோதனைமுறையில் வண்டி சாலைக்கே வருவதில்லை. உருளைகள் மேல் நின்றபடி ஓடுகிறது. உச்ச வேகம் 90, சராசரி வேகம் 32 சொச்சம். ஏசி கிடையாது. ஹைப்ரிட் வண்டிக்கு மிகவும் பிடித்த வேகம் இது. அதனால்தான் ஹைப்ரிட் வைத்திருப்பவர்களுக்கு ஊருக்குள் கிடைக்கும் மைலேஜ் நெடுஞ்சாலையில் கிடைப்பதைவிடக் கூடுதலாக இருக்கிறது. அப்பா தலைமுறை ஓட்டிய வண்டிகளில் இது நேர்மாறு.

பிளக்-இன் விஷயம் இன்னும் சிக்கல். 2016-ல் வால்வோ எக்ஸ்சி90 டி8 இந்தியாவுக்கு வந்தபோது விலை 1.25 கோடி. ஐரோப்பியச் சோதனையில் அதன் எண் 100 கிலோமீட்டருக்கு 2.1 லிட்டர். நம் வழக்கப்படி சொன்னால் லிட்டருக்கு 47-க்கு மேல். இவ்வளவு பெரிய வண்டிக்கு அது எப்படி வந்தது? இத்தனை பங்கு தூரம் மின்சாரத்தில் ஓடும் என்று சோதனை விதியே ஒரு விகிதத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. தினமும் சார்ஜ் ஏற்றி, குறைந்த தூரம் போகிறவருக்கு அது பொருந்தும். மற்றவர்களுக்குப் பொருந்தாது. 2021-ல் பதிவான கார்களின் உள்ளேயே இருக்கும் எரிபொருள் அளவிகளிலிருந்து தரவு எடுத்து, 2024-ல் ஐரோப்பிய ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. பிளக்-இன் கார்கள் நிஜத்தில் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு, சோதனைக்கூட எண்ணைப் போல் சராசரியாக மூன்றரை மடங்கு. சாதாரண பெட்ரோல், டீசல் கார்களில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய 20 சதவீதம்தான். தொழில்நுட்பத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வாங்குகிறவர் காதில் விழும் எண்தான் திருத்தப்பட வேண்டும். ஐரோப்பா அந்த விகிதத்தைக் கடுமையாக்கிக்கொண்டிருக்கிறது.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

வண்டி நகரவில்லை.

ஜனவரி 17, வெள்ளி. கொடைக்கானல்

இ-பாஸ் எடுத்து, காமக்காபட்டி சோதனைச்சாவடி தாண்டி மலை ஏறினோம். வேண்டுமென்றேதான் ஊரில் சார்ஜ் ஏற்றாமல் வந்தேன். காலி பேட்டரியோடு இந்த எடை மலை ஏறினால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். டம்டம் பாறைக்கு முன்பே தெரிந்துவிட்டது. 55 கிலோமீட்டருக்குத் திரை காட்டியது லிட்டருக்கு 6.7.

கணக்கு எளிது. அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். இரண்டரை டன்னை அவ்வளவு உயரம் தூக்க 12 யூனிட் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது ஏறக்குறைய 9 யூனிட். அதில் சக்கரத்துக்கு வந்து சேர்வது மூன்றில் ஒரு பங்கு. ஆகத் தூக்குவதற்கு மட்டும் 4 லிட்டர். இதில் ஓட்டுநரின் சாமர்த்தியத்துக்கு அதிக இடமில்லை.

விடுதியில் வண்டியைப் பார்த்ததும் பையன் ஓடிவந்து, "சார், சார்ஜ் போட பாயின்ட் இருக்கு, மாட்டிரட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். மலையுச்சியில் பேட்டரியை நிரப்பிவிட்டால் நாளை இறக்கத்தில் வரும் மின்சாரத்தைப் போட்டுவைக்க இடம் இருக்காது. மலைவாசஸ்தலத்துக்கு பிளக்-இன் வண்டியில் போகிறவர்கள் இந்த ஒன்றை மறக்கக் கூடாது.

ஜனவரி 18, சனி. வத்தலக்குண்டு

வெள்ளி நீர்வீழ்ச்சி, பெருமாள்மலை, ஊத்து என்று ஒவ்வொன்றாகக் கடந்து இறங்கும்போது இன்ஜின் பெரும்பாலும் தூங்கிக்கொண்டே வந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் கியரை 'B' (பிரேக்) நிலையில் வைத்தால் மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. பிரேக் காலுக்கு வேலை குறைவு. காலியாக இருந்த பேட்டரி அடிவாரத்தில் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. ஐந்து யூனிட் இருக்கும். ஏறும்போது கொட்டியதில் ஒரு பகுதி கையில் திரும்பி வந்தது. அதிலேயே வத்தலக்குண்டு கடைத்தெருவுக்கும் பேருந்து நிலையத்துக்கும் போய்வந்தோம்.

என் வண்டியில் இதே இறக்கத்தில் சில கிலோமீட்டருக்குள் பேட்டரி நிரம்பிவிடும். மிச்சமெல்லாம் வீண். இன்ஜின் பெட்ரோல் இல்லாமல் சுழன்று வேகத்தைக் கட்டுப்படுத்தும். அந்த உறுமலைக் கேட்டுப் புது ஓட்டுநர்கள் பயந்துவிடுவார்கள். பெரிய பேட்டரியின் அருமை சமதளத்தில் தெரியாது. மலையில் தெரிகிறது.

ஜனவரி 19, ஞாயிறு. பெங்களூரு

இரவு முழுக்க வீட்டு பிளக்கில் கிடந்ததால் மறுபடி முழு சார்ஜ். இந்த முறை அதை ஆரம்பத்தில் செலவழிக்கவில்லை. 'ஹோல்ட்' பொத்தானை அழுத்திப் பத்திரப்படுத்தினேன். பக்கத்திலேயே, பெட்ரோலை எரித்து பேட்டரியை நிரப்பும் 'சார்ஜ்' பொத்தான் இருக்கிறது. அதை நான் தொடுவதில்லை. பெட்ரோலை மின்சாரமாக்கி, திரும்ப ஓட்டமாக்குவதில் இரண்டு இடத்தில் நஷ்டம்.

விடுமுறை முடிந்த ஞாயிறு. தொப்பூர் ஏற்றத்தில் லாரிகள் பின்னால் ஊர்ந்தோம். கிருஷ்ணகிரிக்குப் பிறகு இடம் கிடைத்த இடத்திலெல்லாம் 100-ல் போனேன். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப கூடும். 80-க்கும் 100-க்கும் இடையில் ஒன்றரை மடங்குக்கு மேல். எஸ்யுவியின் அகலமான நெற்றிக்கு அது இன்னும் பாரம். ஓசூர் தாண்டியதும் பேட்டரியைத் திறந்துவிட்டேன். அத்திப்பள்ளியிலிருந்து சில்க் போர்டு வரை நின்று நின்று நகர்ந்த அந்த நெரிசலில் ஒரு சொட்டுப் பெட்ரோல் போகவில்லை. இந்தப் பயணத்தில் பேட்டரி செய்த மிகப் பெரிய உதவி அதுதான்.

பங்கில் பிடித்தது 30.1 லிட்டர். லிட்டருக்கு 13.4. போகும்போதைவிட இரண்டரை லிட்டர் கூடுதல். அதில் பெரும்பகுதி பெங்களூரின் உயரத்துக்கு. ஊர் 300 மீட்டர், பெங்களூரு 900. மீதியைத் தின்றது வேகம். தெற்கே போனபோது வந்த எண்ணை வைத்து வண்டியை மெச்சுகிறவர்கள் திரும்பி வரும் எண்ணையும் சேர்த்துச் சராசரி போட வேண்டும்.

செப்டம்பர் 22, 2025, திங்கள். பெங்களூரு

புதிய ஜிஎஸ்டி இன்று அமலுக்கு வந்தது. பெரிய ஹைப்ரிட் வண்டிகளுக்கு வரி, செஸ் எல்லாம் சேர்ந்து இருந்த 43 சதவீதம் இப்போது 40. முழு மின்சார வண்டிக்கு அதே 5. பிளக்-இன்னும் அந்த 40-க்குள்தான். உத்தரப் பிரதேசம் 2024 ஜூலையில் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கும் பிளக்-இன்னுக்கும் பதிவுக் கட்டணத்தை விலக்கியது. மற்ற மாநிலங்களும் அப்படி யோசிக்கலாம். ஆனால் தினமும் சார்ஜ் ஏற்றப்படும் பிளக்-இன்னுக்கும் கேபிள் உறை பிரிக்காமலே கிடக்கும் பிளக்-இன்னுக்கும் ஒரே சலுகை கொடுத்தால் அது பொதுப் பணத்துக்குச் செய்யும் அநியாயம்.

பக்கத்து பிளாக்கில் ஒருவர் பிளக்-இன் வாங்கலாமா என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். உங்கள் பார்க்கிங்கில் உங்களுக்கென்று ஒரு 15 ஆம்ப் பிளக் இருந்து, அன்றாட ஓட்டம் 40 கிலோமீட்டருக்குள் இருந்தால், அவ்வளவு விலை கொடுக்கவும் முடிந்தால் தாராளமாக வாங்குங்கள். வருடத்தில் சில முறை ஊருக்குப் போவதற்கும் அது தாங்கும். வார இறுதி தவறாமல் நெடுஞ்சாலை என்றால் சாதாரண ஸ்ட்ராங் ஹைப்ரிட் போதும். ஷோரூமில் லிட்டருக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள். பேட்டரி தீர்ந்த பிறகு லிட்டருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். டெஸ்ட் டிரைவுக்கும் பேட்டரி காலியான வண்டியையே கேட்டு வாங்குங்கள்.