மான்கொம்பு உப்பில் மான் இருக்கிறதா?

டிசம்பர் வந்தால் ஜெர்மனி கடைகளில் சின்னச் சின்னப் பாக்கெட்டில் 'ஹிர்ஷ்ஹார்ன்சால்ஸ்' விற்கும். சொல்லுக்கு நேர்ப்பொருள், மான்கொம்பு உப்பு. ஒரு காலத்தில் கொம்பைச் சூடாக்கி நிஜமாகவே அப்படித்தான் எடுத்தார்கள். ஆங்கிலத்தில் 'ஹார்ட்ஸ்ஹார்ன்'. மயங்கி விழுந்தவரின் மூக்கருகே காட்டி எழுப்பியதும் இதைத்தான். அப்படியொரு நெடி!

இப்போது எல்லாமே ரசாயனத் தயாரிப்பு. பெயரை மட்டும் ஏன் மாற்றவில்லையோ, அவர்களுக்கே வெளிச்சம். அடுப்புச் சூட்டில் வாயுவாகப் பிரிந்து மாவை உப்பச் செய்யும். மெல்லிய பிஸ்கட்டுக்குத்தான் சரி. கேக்கில் போட்டால் அம்மோனியா நெடி உள்ளேயே தங்கிவிடும்.

இதெல்லாம் அங்கே படிக்கப் போன மகளுக்குத் தெரியும். அவள் அனுப்பிய பாக்கெட் படத்தைப் போனிலேயே மொழிபெயர்த்துப் பார்த்த சேலத்து அம்மாவுக்குத் தெரியாதே! சுத்த சைவக் குடும்பம். "மான்கொம்பைத் தின்னவா உன்னை அனுப்பினோம்?" இரண்டு நாள் பேச்சில்லை.

மூன்றாம் நாள் மகள் ஒரே ஒரு வேலை சொன்னாள். "உன் டீ பிஸ்கட் கவரைத் திருப்பிப் பாரும்மா. 503னு இருக்கா?"

இருந்தது. அம்மோனியம் பைகார்பனேட். அந்த உப்பிலும் இருப்பது இதுதான். அதே கவரில் பச்சைப் புள்ளியும் இருந்தது.

"சரி... நீ செய்யற பிஸ்கட்ல முட்டை உண்டா?" என்றார் அம்மா.