அழ விடாதவன்

"அவன் இருந்தால் சாவு வீட்டிலும் சிரிப்புத்தான்" என்று எங்கள் லயத்தில் என்னைப் பற்றிச் சொல்வார்கள். அதைப் பல காலம் பெருமையாகவே சுமந்தேன். அந்தச் சிரிப்பால் நான் செய்த தீங்கை இப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

மாத்தளையில் எல்கடுவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். 1974. அரிசியும் மாவும் உலகச் சந்தையில் விலையேற, அரசாங்கம் பங்கீட்டை வெட்டியிருந்தது. தோட்டத்தில் வேலை நாட்களும் குறைந்தன. கிராமத்துச் சனங்களுக்கு ஒரு பலாமரமாவது இருந்தது. எங்களுக்கு லயத்துக் காம்பராவைத் தாண்டி ஒரு முழ நிலமும் இல்லை. அந்தப் பஞ்சத்தில் மலையகத் தோட்டங்களில் செத்தவர்கள் பலர். என் தங்கச்சியும் அப்படித்தான் போனாள். மூன்று வயது. கடைசியில் மாக்கஞ்சியைக்கூட அவளால் விழுங்க முடியவில்லை.

அதன் பிறகு அம்மா வாய் திறக்கவே இல்லை. ஒரு சாயங்காலம், பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவதை நடித்துக் காட்டினேன். இடுப்பில் கை, மூக்கு நுனியில் இல்லாத கண்ணாடி, ஒவ்வொரு பேரையும் கடித்துத் துப்புகிற குரல். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு அடுப்பு எரிந்தது. அந்தச் சிரிப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். பத்து வயதில் என்னிடம் கொடுக்க வேறொன்றும் இல்லை.

மீசை அரும்பிய வயதில்தான் அது கெட்டது. அம்மா தங்கச்சி பேரை எடுத்தாலே கணக்கப்பிள்ளையை அழைத்து வந்துவிடுவேன். மாசியில் காமன் கூத்து நடக்கும். மன்மதன் எரிந்ததும் ரதி ஒப்பாரி வைக்க, பெண்கள் தங்கள் வீட்டுச் சாவுகளுக்கும் சேர்த்து அழுவார்கள். அங்கேயும் பின்னால் நின்று பையன்களைச் சிரிக்க வைத்தேன். அடுத்தவர் அழுதால் எனக்கும் அழுகை வந்துவிடும் என்ற பயம். அந்தக் கோழைத்தனத்துக்குத்தான் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கினேன்.

1979இல் அப்பாவைப் பெற்ற அப்பாயி இந்தியாவுக்குப் போனார். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியிருந்தது. அப்பா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டார், சித்தப்பா இந்தியாவுக்கு. அப்பாயியின் பேர் சித்தப்பாவின் விண்ணப்பத்தில் இருந்தது. எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் இரண்டாகப் பிரிந்தன. கப்பலேறத் தலைமன்னாருக்குச் சனங்களை ஏற்றிப்போன ரயிலை அழுகைக் கோச்சி என்பார்கள். மாத்தளை ஸ்டேசனில் அப்பாயி என் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சியப் பொதச்ச எடத்துல ஒன்னு..." என்று தொடங்கினார். நான் கையை உருவிக்கொண்டு, கப்பலில் துரை வாந்தியெடுப்பதுபோல நடித்தேன். பெட்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாயியும் சிரித்தார். கோச்சி நகர்ந்தது.

கூடலூர்த் தேயிலைத் தோட்டத்திலிருந்து, யாரையாவது எழுதச் சொல்லிக் கடிதம் போடுவார். அவற்றில் அந்தப் பேச்சு வரவில்லை. நானும் கேட்டு எழுதவில்லை. வேடிக்கையாகவே பதில் போட்டேன். 1984இல் கப்பலும் நின்றது. அப்பாயி அங்கேயே காலமானார்.

அம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. தங்கச்சியை எங்கே புதைத்தீர்கள் என்று போன மாதம்தான் கேட்டேன். மேல்மலைக் குறுக்குப் பாதை, கித்துள் மரத்துக்குக் கீழ்ப்பக்கம் என்று அழுதுகொண்டே சொன்னார். அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன். அப்பாயி அங்கே என்ன வைத்தார் என்றும் கேட்டேன். அம்மாவுக்கும் தெரியவில்லை.