கையெழுத்துப் போடாத எதிரி

1971 டிசம்பர் 16, மாலை 4.31 மணி. டாக்கா ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். பாகிஸ்தான் தளபதி நியாசி கையெழுத்துப் போட, பக்கத்தில் அமர்ந்து அதைப் பெற்றுக்கொண்டவர் நமது கிழக்குப் பிராந்தியத் தளபதி ஜக்ஜித் சிங் அரோரா. பதின்மூன்று நாள் போர் அந்தத் தாளோடு முடிந்தது. ஏறத்தாழ 93,000 பேர் போர்க்கைதிகளானார்கள். வங்கதேசம் சுதந்திர நாடானது.

அரோராவின் தலைமையகம் கல்கத்தா வில்லியம் கோட்டை. போர் மூண்ட டிசம்பர் 3 மாலையில் இந்திரா காந்தியும் இந்த ஊரில்தான் இருந்தார், பிரிகேட் மைதானக் கூட்டத்துக்காக. அன்றிரவே தில்லிக்குத் திரும்பினார். அதனால் கல்கத்தாக்காரர்களுக்கு அது தங்கள் வீட்டு வாசலில் நடந்த போர். கும்பகோணத்தில் டைப்பும் சுருக்கெழுத்தும் பாஸ் செய்துவிட்டு ஹௌரா மெயிலில் வந்து இறங்கிய என் போன்ற தமிழ்க் குமாஸ்தாக்களுக்கும் அப்படித்தான். கல்யாணம் ஆனதும் லேக் மார்க்கெட் மெஸ் சாப்பாட்டுக்கு முழுக்குப் போட்டு, டாலிகஞ்சில் ஒரு வங்காளி வீட்டு மாடியில் குடியேறியிருந்தேன். ஜன்னல் கண்ணாடிகளில் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தோம். கார்களின் முன்விளக்கில் பாதிக்குக் கறுப்புப் பெயின்ட். சைரன் ஊதினால் மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார வேண்டும். மாஷிமா என்று நாங்கள் கூப்பிடும் வீட்டுக்காரம்மா அங்கேயும் வெற்றிலைப் பெட்டியோடு வந்துவிடுவார்.

பதினாறாம் தேதி வானொலியில் செய்தி வந்ததும் முதலில் எழுந்தது அவருடைய சங்குதான். அடுத்த வீட்டில் ஒன்று, எதிர்வீட்டில் ஒன்று, பிறகு தெரு முழுக்க. பெண்கள் குலவையிட்டார்கள். 'ஜய் பாங்ளா' என்று கத்திக்கொண்டு பையன்கள் டிராம் பாதையில் ஓடினார்கள். முன்பின் தெரியாத ஒருவர் என் வாயில் சந்தேஷ் இனிப்பைத் திணித்தார். பக்கத்தில் பிஜய்கட் என்றொரு குடியிருப்பு. இரண்டாம் உலகப் போரின்போது படைகள் தங்கிவிட்டுப் போன கொட்டகைகளில் பிரிவினை அகதிகள் 1948 வாக்கில் புகுந்து, அதற்கு வெற்றிக்கோட்டை என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். விட்டு வந்த வீடும் குளமும் ஞாபகம் வந்து அங்கே அன்று பலர் அழுதார்கள். அது நக்சல் காலம் வேறு. இருட்டினால் வெடிகுண்டுச் சத்தத்துக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்த தெருக்கள் அவை. அப்படி அடைந்து கிடந்த ஊர் ஒரே மாலையில் வீதிக்கு வந்தது. அந்த மகிழ்ச்சியில் துளியும் பொய் இல்லை. இன்றைக்கும் சொல்வேன்.

அதே சங்கொலியை அதே தெருவில் 2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்குக் கேட்டேன். மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நன்றி சொல்லத்தான் பிரதமர் கைதட்டச் சொல்லியிருந்தார். பால்கனிகளில் சங்கு, சேகண்டி, தட்டு, கரண்டி. அத்தோடு நின்றிருந்தால் நன்றிதான். சில ஊர்களில் கூட்டமாகத் தெருவில் இறங்கி ஊர்வலமே போனதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். என்னைச் சித்தப்பா முறை வைத்துக் கூப்பிடும் கீழ்வீட்டுப் பையன் அண்ணாந்து பார்த்து, "மேஷோமஷாய், செவன்ட்டி ஒன் மாதிரியே இருக்கா?" என்று கேட்டான். சத்தம் அதேதான். ஆனால் அன்று சங்கு ஊதியது கையெழுத்து விழுந்த பிறகு. இந்தத் தடவை சண்டையே தொடங்கியிருக்கவில்லை. கல்கத்தாவின் முதல் கொரோனா நோயாளி பேலியாகாட்டா தொற்றுநோய் மருத்துவமனையில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். எங்கள் பேட்டையின் எம்.ஆர்.பாங்குர் அரசு மருத்துவமனை நகரத்தின் முக்கியமான கொரோனா மருத்துவமனை ஆனது. பேட்டையின் சினிமா ஸ்டுடியோக்கள் பூட்டிக் கிடந்தன. மெட்ரோ ரயில் செப்டம்பர் 14 வரை ஓடவில்லை. நடுவில் மே 20 அன்று அம்பன் புயல் வந்து மரங்களைச் சாய்த்து, நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் செய்தது. அதை எழுதத் தனிக் கட்டுரை வேண்டும்.

புயலுக்கு முன்னால், மே 8 அன்று, இங்கிலாந்தில் இருக்கும் பேத்தி வீடியோவில் கூப்பிட்டாள். ஹிட்லரின் படை சரணடைந்த வெற்றி நாளுக்கு அன்று 75 வயது. பெரிய விழாக்கள் எல்லாம் ரத்து. அவரவர் வாசலில் நாற்காலி போட்டு, தேநீரும் கேக்கும் வைத்துக்கொண்டு, எதிர்வீட்டாருக்குக் கையசைத்தார்களாம். "தாத்தா, நீங்க இந்த மாதிரி ஜெயிச்ச நாள் ஏதாவது பார்த்திருக்கீங்களா?" சங்கையும் சந்தேஷையும் சொன்னேன். சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டாள். போனை வைத்த பிறகுதான், சொல்லாமல் விட்ட 1971 ஒவ்வொன்றாக வந்து நின்றது.

அந்த ஆண்டு கிழக்கு வங்கத்திலிருந்து எல்லை தாண்டி வந்த அகதிகள் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர். சால்ட் லேக்கில் அப்போது வெட்டவெளிதான் அதிகம். அங்கே பதிப்பதற்காகக் கொண்டுவந்து போட்டிருந்த பெரிய சிமென்ட் குழாய்களுக்குள் குடும்பங்கள் குடியிருந்தன. கோடையில் ஊரெல்லாம் கண்நோய் பரவியது. நம் பக்கத்தில் மெட்ராஸ் ஐ என்கிறோமே, அந்த வகை. அகதிகளோடு வந்ததாக நினைத்து, அதற்கு ஊரார் வைத்த பெயர் 'ஜய் பாங்ளா'. எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஃபைல் பார்த்தார்கள். இன்றும் இங்கே கண் சிவந்து வருகிறவரைப் பார்த்தால், "ஜய் பாங்ளாவா?" என்று கேட்பவர்கள் உண்டு. டிசம்பரில் தொண்டை கிழியக் கத்திய அதே கோஷம், கோடையில் அகதியைக் கண்டால் ஒதுங்கிப் போவதற்குப் பயன்பட்டது. கொரோனா காலத்தில் செவிலியரை வீட்டைக் காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரர்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

கண்நோய் வந்தது, போனது. காலரா அப்படிப் போகவில்லை. எல்லை ஓரத்து ஊரான போன்காவ் மருத்துவமனைக்கு ஜூன் மாதத்தில் போய்ச் சேர்ந்தார் திலீப் மஹலானாபிஸ். கல்கத்தாவில் இயங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு மையத்தில் வேலை பார்த்த குழந்தை மருத்துவர். அங்கே இரண்டு அறைகளில் தரை முழுக்கக் காலரா நோயாளிகள். வைத்தியம் செய்ய வேண்டுமானால் மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட வேண்டும். நரம்பு வழியே ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. இருப்பதை ஏற்றுவதற்கும் பயிற்சி பெற்ற கைகள் போதவில்லை. வாய் வழியாகவே கொடுத்துவிடுவது என்று அவர் முடிவெடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கல்கத்தா மையத்தின் நூலக அறையில் உட்கார்ந்து பொட்டலம் பொட்டலமாகக் கட்டி அனுப்பினார்கள். முகாமில் டிரம்களில் கரைத்து வைத்து, நோயாளியின் அம்மா, அண்ணன், அத்தை என்று கூட இருந்தவர்களையே மொண்டு கொடுக்கச் சொன்னார்.

குடல் உப்பையும் சர்க்கரையையும் சேர்த்து உறிஞ்சும் என்பது ஆய்வாளர்களுக்கு முன்பே தெரியும். டாக்காவிலும் கல்கத்தாவிலும் 60களில் சோதித்தும் பார்த்திருந்தார்கள். ஆனால் அது ஆஸ்பத்திரிக் கட்டிலில், டாக்டர் கண்காணிப்பில் மட்டுமே சரிப்படும் என்ற எண்ணம் இருந்தது. படிக்காத தாயை நம்பி ஒப்படைக்கலாம் என்று காட்டியது போன்காவ். 100க்கு 30 வரை போய்க்கொண்டிருந்த சாவு, இந்தக் கரைசல் குடித்தவர்களிடையே 4க்கும் கீழே இறங்கியது. கலக்கும் முறையைத் துண்டுப் பிரசுரமாக எல்லையில் கொடுத்தார்கள். வங்கதேச ரகசிய வானொலியும் ஒலிபரப்பியது. இப்போது எந்த மருந்துக்கடையிலும் ஓ.ஆர்.எஸ். என்று கேட்டு வாங்குகிறோமே, அதை உலகம் நம்பத் தொடங்கியதில் அந்த முகாமுக்குப் பெரும் பங்கு உண்டு.

டிசம்பர் 16 கூட்டத்தில் இதை நினைத்தவர் யாருமில்லை. நினைக்க வழியும் இல்லை. நியாசியின் பெயர் டிராம் கண்டக்டருக்குக்கூடத் தெரியும். மஹலானாபிஸின் பெயர், அவர் வேலை பார்த்த ஊரில் வாழ்ந்த எங்களுக்குத் தெரியாது.

போரில் தோற்றவன் வந்து கையெழுத்துப் போடுகிறான். கிருமி போடாது. தேதியும் நேரமும் குறித்துத் தராது. அதனால் நாமே ஒரு தேதியைக் கற்பித்துக்கொண்டு, கொட்டடிக்கத் தொடங்கிவிடுகிறோம். இது நம் நாட்டுப் பழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11இல் ஓய்ந்தபோது உலகமே ஸ்பானிஷ் காய்ச்சலில் கிடந்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் மாண்டார்கள். சான் பிரான்சிஸ்கோவில் நவம்பர் 21 நண்பகல் சைரன் ஊதியதும் மக்கள் முகக்கவசங்களைக் கழற்றித் தெருவில் வீசினார்கள். ஜனவரியில் திரும்பக் கட்டிக்கொள்ளச் சொல்லி உத்தரவு வந்தது.

நாம் 2021இல் அதைத்தான் செய்தோம். மார்ச் தொடக்கத்தில் மத்திய சுகாதார அமைச்சர், பெருந்தொற்றின் இறுதிக் கட்டத்தில் இருக்கிறோம் என்றார். மேற்கு வங்கத்தில் மார்ச் 27 முதல் ஏப்ரல் 29 வரை எட்டுக் கட்டத் தேர்தல். எல்லாக் கட்சிகளும் மைதானங்களை நிரப்பின. ஏப்ரல் முடிவதற்குள் நாட்டில் ஒரு நாளின் புதுத் தொற்று நான்கு லட்சத்தை எட்டியது. தேர்தல் ஆணையம் ஏப்ரல் 27 அன்று விழித்துக்கொண்டு, மே 2 வாக்கு எண்ணிக்கைக்குப் பிறகு வெற்றி ஊர்வலம் கூடாது, சான்றிதழ் வாங்க வேட்பாளரோடு இரண்டு பேர்தான் வரலாம் என்றது. கூட்டமெல்லாம் கூடிக் கலைந்த பிறகு ஊர்வலத்துக்குத் தடை! அப்படியும் காளிகாட்டில் ஜெயித்த கட்சியின் பச்சை அபீர்ப் பொடி பறந்தது. வேறு யார் ஜெயித்திருந்தாலும் வேறு நிறம் பறந்திருக்கும், அவ்வளவுதான். அந்த வாரம் எங்கள் தெருவில் ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு அலைந்தவர்களில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருந்தார்கள்.

கொண்டாடவே கூடாது என்று தடியை ஊன்றிக்கொண்டு சொல்லும் கிழவன் இல்லை நான். 2020 துர்கா பூஜையை இந்த ஊர் நடத்திய விதம் எனக்குப் பிடித்திருந்தது. மகிஷனை அம்மன் வென்ற விழா. இதைவிடப் பெரிய வெற்றி விழா வங்காளிகளுக்குக் கிடையாது. அக்டோபர் 19 அன்று கல்கத்தா உயர் நீதிமன்றம், பந்தல்களுக்குள் பார்வையாளர் நுழையக் கூடாது என்று உத்தரவிட்டது. பெரிய பந்தலுக்குப் பத்து மீட்டர், சிறியதற்கு ஐந்து மீட்டர் தள்ளித் தடுப்பு. முணுமுணுத்தார்கள், முறையிட்டார்கள், கடைசியில் பெரும்பாலானவர்கள் கேட்டுக்கொண்டார்கள். பெஹாலா பரிஷா கிளப்பில் அம்மனையே, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கும் புலம்பெயர் தொழிலாளிப் பெண்ணாக வடித்திருந்தார்கள். தசமி முடிந்ததும் ஒருவரை ஒருவர் தழுவிக்கொள்ளும் கோலாகுலி அந்த ஆண்டு எங்கள் தெருவில் இல்லை. கீழ்வீட்டுப் பையன் ஒரு டப்பாவில் 'நாரு' என்ற தேங்காய் உருண்டைகளைப் படிக்கட்டில் வைத்துவிட்டு, கீழே நின்றபடியே கும்பிட்டான். நான் பார்த்த வெற்றி விழாக்களில் கண்ணியமானது அதுதான்.

உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது பழைய வெற்றி நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், ஊர்வலக் கதை முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். அந்த ஆண்டு என்ன நோய் வந்தது, யார் போனார்கள், யார் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். உங்கள் கொரோனா காலத்துக்கும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: சாப்பாட்டு டப்பாவை வாசலில் வைத்துவிட்டுப் போனவர், சவத்தைத் தூக்க வந்தவர், பாங்குர் மாதிரியான இடங்களில் இரவுப் பணி பார்த்தவர். அரசாங்கம் அவர்களை நினைவுகூர்வதற்குள் காலம் ஓடிவிடும். திலீப் மஹலானாபிஸ் 2022 அக்டோபரில், 87 வயதில், கல்கத்தாவில் காலமானார். அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது 2023 ஜனவரியில்.