கூடாரத்தில் ஓர் இரவு

வீடு கட்டி வாழத் தொடங்கிய நாள் முதலாக, அவ்வீட்டை விட்டுச் சில நாள் வெளியே போய்த் தங்கவேண்டும் என்னும் ஆசையும் மனிதனைப் பற்றிக்கொண்டது போலும். மேனாட்டார் இவ்வாசைக்கு ஓர் ஒழுங்கையே வகுத்துவிட்டனர். அமெரிக்காவில் சிக்காகோ நகரைத் தன்னகத்தே கொண்ட குக் மாவட்டத்து மக்கள், சுற்றியுள்ள காடுகளைப் பொதுவில் காப்பதற்கென ஒரு சபையை நிறுவ 1914ஆம் ஆண்டில் வாக்களித்தனர். கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்து அல்கோன்குவின் பெருங்காடு 1893ஆம் ஆண்டிலேயே பூங்காவாயிற்று. கோடை பிறந்ததும் குடும்பம் குடும்பமாக இத்தகைய ஏரிக்கரைகளை நாடிச் செல்கிறார்கள். சிலர் கூடாரம் அடிக்கிறார்கள். சிலரோ அடுப்பும் படுக்கையும் நீர்க்குழாயும் பொருத்திய வண்டி வீட்டையே மோட்டார் வண்டியின் பின்னால் இழுத்துச் செல்கிறார்கள்.

இவற்றையெல்லாம் எமக்குச் சொன்னவர்கள் ரொறன்ரோவில் வாழும் எமது தமையனாரின் மக்கள். மகனுக்குப் பன்னிரண்டு வயது, மகளுக்கு ஒன்பது. சென்ற ஆகஸ்ட் மாதத்தில் தந்தையோடு இலுப்பைக்கடவைக்கு வந்திறங்கியபோது, பெட்டிக்குள் பச்சை நிற நைலோன் கூடாரம் ஒன்றையும் மடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். ஊர்க் குளக்கட்டின் அருகே ஓரிரவு தங்கியே தீரவேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

"வீடு இருக்கேக்க ஏன் ராசா கூடாரம்?" என்று எமது அன்னையார் கேட்டார். கேட்டவர் விடைக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டார்.

பிள்ளைகளுக்கு அக்கேள்வி வேடிக்கையாக இருந்தது. எமக்கும் தமையனாருக்கும் அவ்வாறு இருக்கவில்லை. 2006ஆம் ஆண்டு ஆகஸ்டில் கண்டி வீதி மூடப்பட்டபோது நாம் யாழ்ப்பாணத்தில் கற்பித்துக்கொண்டிருந்தோம். தமையனார் அதற்கு முன்பே கடல் கடந்துவிட்டார். 2008ஆம் ஆண்டு ஜூலையில் போர் இலுப்பைக்கடவையை எட்டியது. அன்னையார் தம் தங்கையின் குடும்பத்தோடு வெள்ளாங்குளம், கிளிநொச்சி, விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று போனார். 2009ஆம் ஆண்டில் வவுனியா முகாம்களில் அடைபட்ட 2,50,000 பேருக்கு மேற்பட்டோரில் அவரும் ஒருவர். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலே கூடாரம் ஒன்றில் இருந்து, 2010இல் ஊர் திரும்பினார். அக்கூடாரத்தைப் பற்றி அவர் எம்மிடம் ஒருநாளும் பேசியதில்லை. நாமும் கேட்டதில்லை. அன்னை கூடாரத்தில் கிடந்த நாள்களில் நாம் ஓட்டு வீட்டில் உறங்கினோம் என்ற கூச்சமே எம் வாயை அடைத்தது.

எமது காணிக்கு அப்பால், குளக்கட்டின் கீழே, கண்ணிவெடி அகற்றப்பட்டு நெடுங்காலமாக மாடுகள் மேயும் வெளியொன்று உண்டு. அங்கே ஓர் இலுப்பை மரத்தின் நிழலில் பிள்ளைகள் கூடாரத்தை நாட்டினார்கள். சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. குளத்தில் நீர் வற்றி, நடுவில் மட்டும் கொக்குகள் நின்றன. பருவத்தின் கடைசிப் பாலைப்பழங்களைத் தின்று பிள்ளைகளின் உதடுகள் பிசினாய் ஒட்டின.

இருள் கவியும் வேளையில் அன்னையார் ஒரு கையில் அரிக்கன் லாம்பும் மறுகையில் ஓலைப்பாயுமாக வந்தார். வந்தவர் கூடாரத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"ஆர் இதிலை அடிக்கச் சொன்னது? பள்ளமான இடம். மழை வந்தால் தண்ணி முழுக்க உள்ளுக்கைதான் வரும். வாசலையும் காத்துக்கு நேரை வைச்சிருக்கிறியள்."

மழை வராத மாதம் என்று நாம் சொல்ல வாயெடுத்தோம். அவர் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டோம். அன்னையார் சொன்னபடியே கூடாரம் மேட்டுக்கு மாற்றப்பட்டது. பின்னர் மூன்று கல் தேடி, காற்று மறைவில் அடுப்பு மூட்டினார். கேத்தில் கொதித்தது.

அல்கோன்குவினில் கரடிக்கு அஞ்சி உணவையெல்லாம் இரவில் மோட்டார் வண்டிக்குள் பூட்டி வைப்பார்கள் என்று பையன் தன் அனுபவங்களைச் சொல்லிக்கொண்டு வந்தான். "அங்கை ஒவ்வொரு இடத்துக்கும் நம்பர் இருக்கு, அப்பம்மா. நம்பரைப் பாத்துத்தான் கூடாரம் அடிக்கலாம்" என்றான்.

"எங்கட கூடாரத்துக்கும் நம்பர் இருந்தது, ராசா."

அன்னையார் இதை மிகச் சாதாரணமாகவே சொன்னார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். நடுப்பகலில் கூடாரத்துக்குள் இருக்க முடியாத வெக்கை. தண்ணீருக்கு வாளிகளின் நீண்ட வரிசை. மழையில் உள்ளே வெள்ளம் ஏறியபோது சிறுபிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு விடியுமட்டும் குந்தியிருந்தமை. சிறுமி, "ஏன் அப்பம்மா வீட்டுக்குப் போகேல்லை?" என்று கேட்டாள். "போக விடேல்லை, பிள்ளை" என்றார். எத்தனையோ ஆண்டுகளாக நாம் கேட்க அஞ்சிய கேள்விக்கு இரண்டே சொல்லில் விடை கிடைத்துவிட்டது.

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. அடுப்பைத் தள்ளிவிட்டு அன்னையாரே மீண்டும் தொடங்கினார்.

"ஆனால் எனக்கும் கூடாரம் எண்டால் ஒரு காலம் நல்ல விருப்பந்தான்" என்றார். அவர் சொன்னது கூடார வண்டிலை. அவருக்கு எட்டு வயதாயிருந்தபோது, சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் போவதென்றால், வண்டிலுக்குப் பனையோலைக் கூடாரம் வேய்ந்து, கீழே வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாய் விரிப்பார்களாம். வழியில் குளக்கரையொன்றில் மாட்டை அவிழ்த்துவிட்டு இரவு தங்கல். மூன்று கல் அடுப்பிலே சோறு. பெரியவர்கள் மரத்தின் கீழே, பிள்ளைகள் வண்டிலுக்குள்ளே. மறுநாள் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய அத்தலத்தில், பாலாவியில் நீர் மொண்டு தம் கையாலேயே சிவலிங்கத்துக்கு அபிடேகம் செய்வார்கள்.

மடுமாதா திருவிழாவிலும் இவ்வாறே. சைவர்களாகிய எம்மவரும் நேர்த்தி வைத்துப் போவதுண்டு. ஆகஸ்ட் 15ஆந் திகதித் திருநாளுக்கு நாடெங்குமிருந்து வரும் குடும்பங்கள் கோயிலைச் சூழ்ந்த காட்டிலே நாட்கணக்கில் குடியிருந்து சமைத்து உண்பது நெடுங்கால வழக்கம். 2008ஆம் ஆண்டு ஏப்ரிலில் அம்மாதாவின் திருவுருவமே மடுவை விட்டுத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகப்பட்டதையும், அவ்வாண்டு ஆகஸ்டில் மீண்டும் மடுவுக்கு வந்ததையும் அன்னையார் பிள்ளைகளுக்குச் சொன்னார். "மாதாவும் எங்களைப்போலை இடம்பெயர்ந்தவதான்" என்று சிரித்தார்.

காட்டுவாசம் மேனாட்டார் கண்டுபிடித்த பொழுதுபோக்கு என்றே நாமும் எண்ணியிருந்தோம். எம் முன்னோர் வண்டில் கட்டிப் போய்க் குளக்கரையில் தங்கியதும் அதுவேயன்றி வேறென்ன? இரண்டையும் இன்பமாக்குவது ஒன்றே. போனவன் தன் விருப்பத்தால் போகிறான்; திரும்பிவரத் தன் வீடு இருக்கிறது. அவ்விரண்டும் இல்லாதபோது, அதே கூடாரம் சிறையாகிவிடுகிறது.

அன்னையார் கூடாரத்துக்குள் படுக்க உடன்படவில்லை. இலுப்பையின் கீழே பாய் விரித்தார். நடுச்சாமத்தில் நாம் விழித்துப் பார்த்தபோது, சிறுமியும் வெளியே வந்து அப்பம்மாவின் சேலைத் தலைப்பைப் போர்த்தபடி உறங்கிக்கொண்டிருந்தாள். பையன் மட்டும் கூடாரத்தைக் காத்துக் கிடந்தான்.

காலையில் அதனை மடித்தபோது தலையணை அளவாய்ச் சுருங்கியது. அன்னையார் அதைக் கையில் வாங்கி நிறை பார்த்துவிட்டு, "வாற சிவராத்திரிக்குப் பாலாவிக் கரையிலை ஒரு ராத்திரி தங்கவேணும்" என்றார். ஊரில் இப்பொழுது கூடார வண்டில் ஏது என்று நாம் கேட்டோம்.

"லான்ட்மாஸ்ரர் பெட்டிக்கு ஓலை கட்டினால் போகாதோ?" என்றார்.

போகும் என்றே நினைக்கிறோம். ஓலை வெட்டச் சொல்லிவிட்டோம்.