சக்கரங்களின்மேல் ஒரு வீடு

அமெரிக்க தேசத்தின் அரிசோனா மாநிலத்தில், கலிபோர்னியா எல்லைக்குச் சற்று இப்பால், குவார்ட்ஸைட் என்னும் சிறிய ஊர் ஒன்று உண்டு. பீனிக்ஸ் பட்டணத்திலிருந்து பத்தாம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் பிரயாணம் செய்தால் அங்கே சேரலாம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஊரின் ஜனத்தொகை சுமார் 2,400 மாத்திரமே. கோடையில் வெயில் 45 டிகிரியையும் தாண்டும். அந்நாட்களில் வீதியில் ஆள் நடமாட்டம் அரிது. ஆனால் ஜனவரி மாதத்தில் நீங்கள் அங்கே போவீர்களானால், ஊரைச் சுற்றியுள்ள வனாந்தரம் ஒரு பெரும் பட்டணமாய் மாறியிருப்பதைக் காண்பீர்கள். நெடிய கள்ளிகளுக்கு நடுவே கண்ணுக்கெட்டிய தூரம்வரை வாகனங்கள் நிற்கும். அவற்றில் பெரும்பாலானவை தொழிற்சாலையில் செய்து விற்கப்படும் வெண்ணிற வீட்டு வண்டிகள். அவற்றுக்கிடையே அங்கங்கே வேறொரு வகை வண்டியும் நிற்கும். பச்சையோ நீலமோ எந்த வர்ணம் பூசப்பட்டிருந்தாலும், அதன் நீண்ட உடலையும் வரிசையான சன்னல்களையும் பார்த்தவுடனே அது முன்னாளில் என்னவாயிருந்தது என்று அந்நாட்டுச் சிறுபிள்ளையும் சொல்லிவிடும். அது பள்ளிக்கூடப் பேருந்து. இன்றைக்கு அதற்குள் ஒரு குடும்பம் அடுப்பு மூட்டி, படுக்கை விரித்து வாழ்ந்துகொண்டிருக்கிறது. இத்தகைய பேருந்து வீட்டை அவர்கள் செல்லமாக ‘ஸ்கூலி’ என்று அழைக்கிறார்கள்.

வழிப்போக்கர்களுக்கு இந்த ஊர் புதிதல்ல. 1856இல் அமெரிக்க ராணுவம் பாலைநிலங்களில் சுமை ஏற்றிச் செல்ல ஒட்டகங்களை வரவழைத்தபோது, அவற்றோடு வந்த ஹாஜி அலி என்பவர் 1902இல் மரித்து இவ்வூரில்தான் அடக்கம் பண்ணப்பட்டார். அவருடைய கல்லறையின்மேல் 1935இல் ஒரு சிறிய கூம்பைக் கட்டி, அதன் உச்சியில் ஒட்டக உருவம் ஒன்றை வைத்தார்கள். குவார்ட்ஸைட்டுக்கு வருகிறவர்கள் இன்றும் அதைப் பார்க்காமல் போவதில்லை.

அந்தப் பேருந்தின் பூர்வ கதையைச் சற்றுக் கேளுங்கள். அமெரிக்காவில் ஏறக்குறைய 4,80,000 பள்ளிப் பேருந்துகள் ஓடுகின்றன. அவை யாவும் ஒரே மஞ்சள் நிறமாயிருப்பது தற்செயலன்று. 1939ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஃபிராங்க் சைர் என்னும் கல்வியாளர், நியூயார்க் பட்டணத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் ஒரு மாநாட்டைக் கூட்டினார். விடியற்காலையின் மங்கிய வெளிச்சத்தில் கறுப்பு எழுத்துகள் தெளிவாய்த் தெரியக்கூடிய நிறம் எது என்று ஆராய்ந்து, அந்த மஞ்சளைத் தெரிந்தெடுத்தார்கள். அந்த நிறத்துக்குச் சட்டத்திலும் தனி மதிப்பு உண்டு. மஞ்சள் பேருந்து சிவப்பு விளக்குகளை மின்னவைத்து நிற்கும்போது, பின்னால் வருகிற வாகனங்கள் மாத்திரமல்ல, பெரும்பாலான சாலைகளில் எதிரே வருகிறவையும் நின்றாக வேண்டும். ஆகையால் பேருந்தை விலைக்கு வாங்கிய குடும்பத்தார் முதலாவது செய்யவேண்டியது, அநேக மாநிலங்களின் சட்டப்படி, மஞ்சளை மறைத்து வேறு வர்ணம் பூசி, அந்த விளக்குகளையும் பக்கவாட்டில் நீளும் ‘நில்’ பலகையையும் கழற்றிவிடுவதே.

வேன், லாரி என்று எத்தனையோ வண்டிகள் இருக்க, இதை ஏன் தேடுகிறார்கள்? பலத்தினிமித்தமே. 1977 முதல் அங்கே நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, பள்ளிப் பேருந்தின் கூரை அவ்வண்டியின் சொந்த எடையைப்போல் ஒன்றரை மடங்கு பாரத்தைத் தாங்கவேண்டும். வண்டி கவிழ்ந்தாலும் பிள்ளைகள் நசுங்கிவிடாதபடிக்கு, எஃகு வளையங்களை விலாவெலும்புகளைப்போல் வரிசையாய் நிறுத்தி உடலைக் கட்டுகிறார்கள். பன்னிரண்டு அல்லது பதினைந்து வருஷம் ஓடினபின் பள்ளி நிர்வாகங்கள் இவற்றை ஏலத்தில் தள்ளிவிடுகின்றன. சில ஆயிரம் டாலருக்கு நல்ல டீசல் எஞ்சினோடு ஒரு நாற்பதடி வண்டி கிடைத்துவிடும். ஆனால் அந்த விலையைக் கேட்டு மயங்கிவிடலாகாது. வேலை முடியும்போது அதைப்போல் பல மடங்கு செலவாகியிருக்கும். நாட்களின் கணக்கோ இன்னும் பெரியது.

அந்த வேலையைக் குறித்து விரிவாகவே சொல்லுகிறேன். ஏனெனில் படங்களில் காணும் அழகான மரப்பலகைகளுக்குப் பின்னே மறைந்திருக்கிற பிரயாசம் அநேகருக்குத் தெரிவதில்லை. முதலில் இருக்கைகளைக் கழற்றவேண்டும். ஒவ்வொன்றும் தரையோடு போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். போல்ட்டின் தலை வண்டிக்குள்ளும் நட்டு வண்டிக்கு அடியிலும் இருப்பதால் ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் இருந்து திருகவேண்டும். பனிக்காலத்தில் சாலையில் தூவப்படும் உப்பு அரித்து நட்டுகள் அசைய மறுக்கும். அப்பொழுது கிரைண்டரால் தலையையே அறுத்தெறிவார்கள். பிறகு கறுப்பு ரப்பர் விரிப்பு, அதன் கீழே ஒட்டுப்பலகை, அதற்கும் கீழே எஃகுத் தரை. பலகை ஈரத்தை உறிஞ்சியிருந்தால் எஃகு துருப்பிடித்திருக்கும். அதைச் சுரண்டி, துரு தடுக்கும் வர்ணம் பூசி, போல்ட் இருந்த துளைகளை ஒவ்வொன்றாய் அடைக்கவேண்டும். இதற்கு அவர்கள் கையாளும் ஒரு வழி வேடிக்கையானது: துளையின்மேல் ஒரு சென்ட் செப்புக்காசை வைத்துப் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். காசைவிட மலிவான மூடி கிடைக்காதாம்!

அதன்பின் வெப்பமும் குளிரும். எஃகு உடல் வெயிலில் அடுப்பாகும், பனியில் பனிக்கட்டியாகும். உள்ளே சமைக்கிற ஆவியும் உறங்குகிறவர்களின் மூச்சும் குளிர்ந்த எஃகில் பட்டு நீர்த்துளிகளாகும். சுவருக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் துரு தொடங்குவது அப்படித்தான். ஆகவே சன்னல்களில் பாதியைத் தகட்டால் அடைத்து, சுவரிலும் கூரையிலும் நுரைப்பலகைகளைப் பதிக்கிறார்கள். கூரையின்மேல் சூரிய மின்தகடுகள், கட்டிலுக்கு அடியில் மின்கலங்கள், தண்ணீருக்குத் தொட்டி. 400 லிட்டர் தண்ணீர் என்றால் 400 கிலோ பாரம். அதை ஒரு பக்கமாய் வைத்தால் வளைவுகளில் வண்டி சாயும். கூரையின் உட்புற உயரம் ஆறடியோ ஆறரை அடியோதான். நெடிய மனிதருக்குத் தலை இடிக்கும் என்பதால், சிலர் அந்த எஃகு விலாக்களையே அறுத்து, கூரையைத் தூக்கி, நடுவில் புதிய எஃகை வைத்துப் பற்றவைக்கிறார்கள். கைதேர்ந்தவர் செய்தால் நல்லது. வேறொருவர் செய்தால், எந்தப் பலத்தை நம்பி பேருந்தை வாங்கினார்களோ அதை அறுத்துப் போட்டுவிட்டார்கள் என்றே சொல்லவேண்டும்.

பிள்ளைகளை உடையவர்கள் யோசிக்கவேண்டிய காரியம் இன்னொன்று உண்டு. அந்நாட்டின் பெரிய பள்ளிப் பேருந்துகள் பலவற்றில் இருக்கைப் பட்டை கிடையாது. நெருக்கமாய் நிற்கும் உயர்ந்த மெத்தை முதுகுகளே மோதலின்போது பிள்ளையைத் தாங்கிக்கொள்ளும். இருக்கைகளைக் கழற்றிவிட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடுகிறது. பக்கவாட்டுச் சோபாவில் பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடுவது எவ்வளவு அழகாய்த் தோன்றினாலும் அது ஆபத்தே. விவேகமுள்ள குடும்பங்கள் சமையலறையின் அளவைக் குறைத்தாகிலும், முன்னோக்கிய, பட்டையுள்ள இருக்கைகளைத் தரையின் எஃகோடு பிணைக்கிறார்கள். பின்பக்க அவசரக் கதவுக்குக் குறுக்கே கட்டில் போடாமலும் பார்த்துக்கொள்ளுகிறார்கள்.

எல்லாம் முடிந்தபின் கிடைக்கிற இடம் எவ்வளவு? ஏழரை அடி அகலம், முப்பத்திரண்டு அடி நீளம். 240 சதுர அடி. இதைக் கேட்கும் அமெரிக்கர் வியப்படைகிறார்கள். மும்பையிலும் டெல்லியிலும் இருந்து இதை வாசிக்கும் உங்களில் அநேகருக்கு வியப்பு ஒன்றும் இராது. தாராவியின் சந்துகளில் 120 சதுர அடி அறையில், பரணில் இருவரும் கீழே நால்வரும் உறங்கும் வீடுகளுக்கு நான் எத்தனையோ முறை சென்றிருக்கிறேன். பகலில் மடக்கி இரவில் விரிக்கும் கட்டில், படிக்கட்டுக்கு அடியில் அரிசி டப்பா, கதவுக்குப் பின்னால் பிள்ளைகளின் புத்தகப்பை என்று, ஸ்கூலி கட்டுகிறவர்கள் புதிதாய்க் கண்டுபிடித்ததாக எண்ணுகிற யாவையும் நம் தாய்மார்கள் எப்பொழுதோ செய்து முடித்துவிட்டார்கள்.

இடம் சிறியது என்பது அவர்களுடைய கவலையல்ல. வண்டியை எங்கே நிறுத்துவது என்பதே கவலை. குவார்ட்ஸைட்டின் வனாந்தரம் மத்திய அரசின் பொது நிலம். அங்கே எந்த 28 நாட்களிலும் 14 நாள் இலவசமாய்த் தங்கலாம். பிறகு 25 மைல் தூரமாகிலும் விலகிப் போகவேண்டும். ஊருக்குத் தெற்கே ‘லா போசா’ என்னும் நெடுநாள் தங்குமிடம் உண்டு. அதில் கட்டணம் செலுத்தினால் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை இருக்கலாம். குடிதண்ணீரும் கழிவைக் கொட்டும் வசதியும் உண்டு. இந்த வாசல் திறந்திருப்பதினாலேயே அங்கே அத்தனை கூட்டம். மற்ற இடங்களில் அப்படியல்ல. பணம் கொடுத்துத் தங்கும் வண்டி முகாம்களில் பல, பத்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளை உள்ளே விடுவதில்லை; பேருந்து என்றாலே சில முகாம்கள் தலையசைத்துவிடும். சொந்த நிலம் வாங்கி நிறுத்தினாலும், வருஷமுழுதும் வண்டியில் குடியிருக்கலாகாது என்று சொல்லும் மாவட்டங்கள் அநேகம். 2024 ஜூன் மாதத்தில், ஆரிகன் மாநிலத்துக் கிராண்ட்ஸ் பாஸ் என்னும் பட்டணத்தின் வழக்கில், பொது இடங்களில் முகாமிட்டு உறங்குகிறவர்களை ஊராட்சிகள் தண்டிக்கலாம் என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீடு எங்கும் ஓடும்; நிற்கத்தான் அனுமதி வேண்டும்.

நிற்க இடமில்லாதவனுக்கு முகவரியும் இல்லை அல்லவா? ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, காப்பீடு என்று எல்லாவற்றுக்கும் முகவரி கேட்கிறார்கள். பேருந்தை வீட்டு வண்டியாகப் பதிவு மாற்றினாலும், சொந்தக் கையால் கட்டியது என்ற காரணத்தால் அநேகக் காப்பீட்டு நிறுவனங்கள் மறுத்துவிடுகின்றன. ஆகையால் பலர் தெற்கு டகோட்டா மாநிலத்தை நாடினார்கள். அங்கே கடிதங்களைப் பெற்று அனுப்பும் நிறுவனம் ஒன்றில் அஞ்சல் பெட்டி எடுத்து, ஓர் இரவு தங்கினதற்கான ரசீதைக் காட்டினால் உரிமம் கிடைத்து வந்தது. ஆனால் வாக்குரிமைக்கு 30 நாள் அங்கே வாழ்ந்திருக்கவேண்டும் என்று 2023இல் அம்மாநிலம் சட்டம் இயற்றியது. பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு, ஆதாரில் முகவரியை மாற்ற வரிசையில் நின்றிருக்கிற உங்களுக்கு இந்த வேதனையை நான் விளக்கவேண்டியதில்லை.

இவர்கள் விரும்பி வந்தவர்களா, துரத்தப்பட்டு வந்தவர்களா என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு வகையினரும் உண்டு; அருகருகேதான் வண்டியை நிறுத்துகிறார்கள். 1971இல் ஸ்டீபன் காஸ்கின் என்பவரோடு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பேருந்துகளில் புறப்பட்ட ஒரு கூட்டத்தார் டென்னசி மாநிலத்தில் நிலம் வாங்கி, வீடு கட்டும்வரை அவ்வண்டிகளிலேயே வாழ்ந்தார்கள். அது விருப்பத்தின் பிரயாணம். 2008ஆம் ஆண்டின் வீட்டுக்கடன் சரிவுக்குப்பின் வண்டியில் குடியேறிய முதியோரைக் குறித்து ஜெசிகா புரூடர் எழுதிய ‘நோமேட்லேண்ட்’ 2017இல் வெளிவந்தது. குவார்ட்ஸைட் அதில் வருகிறது. அது பெரும்பாலும் தேவையின் பிரயாணம். வெளியே நின்று பார்க்கிறவருக்கு வேறுபாடு தெரியாது. என்னைக் கேட்டால், திரும்பிப்போக ஒரு வீடோ சேமிப்போ உள்ளவருக்கு அது பிரயாணம், இல்லாதவருக்கு அது குடியிருப்பு.

பிள்ளைகளின் கல்வியைப்பற்றி அந்நாட்டுச் சட்டம் இரண்டு விதமாய்ப் பேசுகிறது. வீட்டிலேயே கற்பிப்பது ஐம்பது மாநிலங்களிலும் அனுமதிக்கப்பட்டது. ஸ்கூலிக் குடும்பங்களில் பல அதையே தெரிந்துகொள்ளுகின்றன. மறுபுறம், நிலையான வீடின்றி வாகனத்திலோ முகாமிலோ வாழ நேர்ந்த பிள்ளைக்கு முகவரிச் சான்று இல்லாவிட்டாலும் பள்ளி உடனே இடம் கொடுக்கவேண்டும் என்பது, 1987இல் இயற்றப்பட்டுப் பிற்பாடு விரிவாக்கப்பட்ட மெக்கின்னி-வென்டோ சட்டம். தகப்பன் அடுத்த வாரம் எந்த ஊரில் வேலை செய்வான் என்று தெரியாத பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய வாசல் என்று எண்ணிப்பாருங்கள். நம் தேசத்தில் மாநிலம் விட்டு மாநிலம் வருகிற கூலியாளரின் பிள்ளைகளை நினைக்கும்போது இந்தச் சட்டத்தின்மேல் எனக்குப் பொறாமையே உண்டாகிறது.

பழைய பள்ளி வேன் ஒன்றை வாங்கி இப்படிச் செய்தால் என்ன என்று உங்களில் யாருக்காகிலும் தோன்றியிருந்தால் ஒரு வார்த்தை: நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கத் தடை விதிக்கிறது, 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. வீட்டு வண்டிகளுக்கென்று இங்கேயும் தனித் தர விதிகள் உண்டு. அவற்றை அறிந்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்னதாகக் கேட்டறியாமல் கிரைண்டரைக் கையில் எடுக்கவேண்டாம்.

ஏப்ரல் மாதம் பிறந்ததும் குவார்ட்ஸைட்டில் காற்று சுடத் தொடங்கும். கழிவுத் தொட்டியைக் காலிசெய்து, தண்ணீரை நிரப்பி, டயர்களில் காற்றைச் சரிபார்த்து, அலமாரிக் கதவுகளைக் கயிற்றால் கட்டி, ஒவ்வொரு குடும்பமாய்ப் புறப்படும். பலர் வடகிழக்கே 2,100 மீட்டர் உயரத்திலுள்ள ஃபிளாக்ஸ்டாஃப் பட்டணத்தின் பைன் காடுகளை நோக்கி ஏறுவார்கள். அங்கேயும் பொது நிலம் உண்டு. அங்கேயும் 14 நாள்தான்.