ஐம்பதாயிரம் ரூபாய் ரேஸ் கார்!

உங்க தெருவுல ஏதாவது வேப்பமரத்தடியில ஒரு பழைய மாருதி 800 தூசி படிஞ்சு நிக்குதா? அதைப் பார்த்ததும் காயலாங்கடைதான் ஞாபகம் வருதா? கொஞ்சம் பொறுங்க பாஸ். அந்த எஞ்சினோட ஃப்ளாஷ்பேக்கைக் கேட்டா ஒரு சல்யூட் அடிச்சிட்டுத்தான் நகருவீங்க!

1980களின் கடைசியில கோயம்புத்தூர் கரிவரதன் ஒரு காரியம் பண்ணினார். வெளிநாட்டு ரேஸ் கார் வாங்க நம்ம பசங்களால முடியாது. அதனால இதே மாருதி 800 எஞ்சினை வெச்சு, விலை குறைவான ஒத்தை சீட்டு ரேஸ் காரை இங்கேயே வடிவமைச்சார். அதுதான் ஃபார்முலா மாருதி. 2005ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் டிரைவரான நரேன் கார்த்திகேயன், ரேஸ் ஓட்ட ஆரம்பிச்சது அந்த கார்லதான். கரிவரதன் 1995ல் விமான விபத்துல இறந்துட்டார். கோவை செட்டிப்பாளையம் ரேஸ் டிராக் இன்னிக்கும் அவர் பேரைத்தான் சுமக்குது.

நம்ம அரக்கோணம் மட்டும் சும்மாவா? இச்சிபுத்தூர்ல எம்.ஆர்.எஃப். டயர் ஃபேக்டரி. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கும் பக்கத்துலதான். இதுக்கு மேல என்ன வேணும்? காசு!

என் கையில இருந்தது 50,000 ரூபாய். கார், ரயில்வேயில ரிட்டயர் ஆன அப்பாவோடது. கேட்டா கிடைக்காதுன்னுதான் நினைச்சேன். ஆனா போன வருஷம் எங்க செட்டுல ஒருத்தன் ராத்திரி பைபாஸ்ல பைக் ரேஸ் போனான். இப்ப அவங்க வீட்டு ஹால்ல மாலை போட்ட ஃபோட்டோவா இருக்கான். அந்த எழவு வீட்டுக்கு அப்பாவும் வந்திருந்தார். ஒரு வாரம் கழிச்சு சாவியைக் கொடுத்துட்டு ரெண்டே வரி சொன்னார்: "எப்படியும் வேகமாத்தான் ஓட்டப்போற. அதை ஆம்புலன்ஸ் நிக்கிற இடத்துல ஓட்டு." கூடவே ஒரு கண்டிஷன். திங்கட்கிழமை காலையில பாட்டி அதே கார்ல கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும்!

ஸோ, காரை அறுத்துப் போட முடியாது. புதுசா வர்றவங்களுக்கான ஆட்டோகிராஸ் மாதிரி போட்டிதான் என் டார்கெட். அதுல ஒவ்வொரு காரா விடுவாங்க. கடிகாரத்தோட மட்டும்தான் சண்டை, பக்கத்துல யாரும் இடிக்க மாட்டாங்க.

பட்டறை அண்ணன் கண்ணெல்லாம் மின்ன லிஸ்ட் போட்டார். "பெரிய சைலன்சர், கார்பரேட்டர் வேலை, பின்னாடி ஒரு ஸ்பாய்லர்... இன்னா தம்பி சொல்ற?" எல்லாத்துக்கும் நோ சொன்னேன். ஏன்னு கணக்கைப் பாருங்க. கார் எடை சுமார் 650 கிலோ, பவர் 37 குதிரை. ஸ்டெப்னி, பின் சீட்டு, ஜாக்கி, மேட் எல்லாத்தையும் கழட்டினா ஏறக்குறைய 30 கிலோ குறையும். அதாவது காசே இல்லாம ஒண்ணரைக் குதிரை எக்ஸ்ட்ரா! வளைவும் நல்லா எடுக்கும், பிரேக்கும் சீக்கிரம் நிக்கும். ஞாயித்துக்கிழமை கழட்டு, ராத்திரி மாட்டு. பாட்டியும் ஹேப்பி!

எஞ்சினுக்கு ஆயில், பிளக், ஃபில்டர் மட்டும்: 2,500. நாலு புது டயர்: 11,000. பிரேக்குக்கு 6,000. இந்த பிரேக் மேட்டரை மட்டும் நல்லா கேட்டுக்கோங்க. பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சும். பழசாகிப் போன ஆயில், சூட்டுல சீக்கிரமே கொதிச்சு ஆவிக் குமிழ் விடும். அப்ப பெடலை மிதிச்சா கால் பொதபொதன்னு உள்ளே போகும், வண்டி நிக்காது. டாட் 3 ஆயில் புதுசா இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்கணும், டாட் 4ன்னா 230. ரெண்டுக்கும் விலையில பெரிய வித்தியாசம் இல்லை.

அடுத்து பெல்ட். ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில வேலை பார்க்கிற நம்ம நண்பன் ஓடி வந்தான். "எருமைத் தோல்லயே தைச்சுத் தரேன் மச்சி, யானை இழுத்தாலும் அறுக்காது!" அன்புக்கு நன்றி, ஆனா பெல்ட்டோட வேலை அறுக்காம இருக்கிறது மட்டும் இல்லை. மோதுற நொடியில அளவா நீண்டு, அடியைத் தான் வாங்கிக்கணும். அதுக்குத்தான் பாலியஸ்டர் நாடாவுல நெய்து, சோதனை பண்ணி விக்கிறாங்க. 9,000 ரூபாய் போச்சு. போகட்டும்! நண்பன் மெல்லிய சோல் வெச்சு ஒரு ஜோடி ஷூ தைச்சுக் கொடுத்தான். பெடல் காலுக்குள்ள பேசுது பாஸ்.

ரோல் கேஜ் கட்டாயமா இருக்கிற போட்டிக்குப் போறீங்களா? கேட்டு செய்யுற பைப்பை வெச்சு வெல்டிங் அடிக்க யாராவது கிளம்பினா, பட்டறையை விட்டே ஓடி வந்துடுங்க. சர்வதேச விதிப்படி அது தையல் இல்லாத ஸ்டீல் குழாயா இருக்கணும். மெயின் வளைவுக்கு 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், இல்லைன்னா 50க்கு 2. மட்டமான பைப் உருளும்போது பிளந்தா, காப்பாத்த வேண்டியதே குத்தும்.

மீதி 21,500ல ஹெல்மெட், லைசென்ஸ், என்ட்ரி ஃபீஸ், பெட்ரோல். வாங்குறதுக்கு முன்னாடி போட்டி நடத்துற கிளப்போட ரூல் புக்கைப் படிங்க. எந்த ஹெல்மெட், எந்த பெல்ட்னு அதுல தெளிவா இருக்கும். லைசென்ஸ் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. கொடுக்கிறது. இன்னொரு விஷயம், சாதாரண கார் இன்ஷூரன்ஸ் ரேஸுல ஆகுற சேதத்துக்குப் பைசா தராது. அந்த ரிஸ்க் முழுக்க நம்ம தலையில!

ரிசல்ட்? என் வகுப்புல 11 பேருல ஏழாவது. கப்பு இல்லை, கைத்தட்டல் கொஞ்சம். ஆனா கடைசி வளைவுல பிரேக்கை அழுத்தினப்போ, பெடல் கல்லு மாதிரி நின்னது. ஓரமா ஆம்புலன்ஸ் கதவைத் திறந்து வெச்சு, வேலையில்லாம டீ குடிச்சிட்டு இருந்தாங்க. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் அப்பா!

வேகத்தை விக்க ஆயிரம் பேர் வருவாங்க ஃப்ரெண்ட்ஸ். முதல்ல நிக்கிறதுக்குச் செலவு பண்ணுங்க. பைபாஸை லாரிக்காரங்களுக்கு விட்டுடுங்க. சந்திப்போம், டிராக்ல!